குடைக்குப் பக்கத்தில்

மார்ச் 3, ஞாயிறு

பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது வழக்கம்போல் ஹாலில் கச்சேரி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எங்கள் வீட்டுப் பூனைக்கு அதுதான் வேலை. பூனை என்று இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுகிறேன். அவருடைய மகள், பதினாறு வயது. சத்தமில்லாமல் வருவாள், சத்தமில்லாமல் போவாள். பசித்தால் சமையலறை வாசலில் நிற்பாள். கையை நீட்டினால் நகர்ந்துவிடுவாள். வேறு என்ன பெயர் வைப்பது?

ஹாலில் ஒரு சுவர் முழுக்க ஜாஸ் இசைத்தட்டுகள். எல்லாம் அவள் அம்மா சேர்த்தவை. அந்த அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. நான் அவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம். பூனையைத் தவிர யாரும் அந்த அலமாரியைத் தொடுவதில்லை. அவரே தொட மாட்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். "எனக்கு லிஃப்ட் சத்தமும் இதுவும் ஒண்ணுதான்" என்பார்.

வந்த புதிதில் எனக்கும் தலைவலியாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்களே, யாராவது பிடித்து உட்கார வைக்கக் கூடாதா என்று நினைப்பேன். இப்போது அப்படியில்லை. உறையில் ஒரு நீலக் குடை மட்டும் இருக்கும் தட்டு ஒன்று உண்டு. அதன் இரண்டாம் பக்கத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, அந்தப் பெரிய பேஸ் வாத்தியம் மட்டும் தனியாகப் பேசும். பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் இருக்கும். அது வந்தால் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு நிற்கிறேன். இப்போதெல்லாம் அந்தத் தட்டு அடிக்கடி ஓடுகிறது, என் அதிர்ஷ்டம். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஐஸ் வைக்கிறேன் என்று நினைக்க மாட்டாளா?

மார்ச் 6, புதன்

இன்றும் என்னை எதுவும் கூப்பிடவில்லை. "கத்தரிக்கோல் எங்க இருக்கு?" என்று சுவரைக் கேட்டாள். சுவருக்குப் பதிலாக நான் சொன்னேன்.

"சித்தின்னு கூப்பிடேம்மா" என்று வந்த முதல் வாரமே அவர் சொல்லிப் பார்த்தார். அன்றிலிருந்து சுவர்தான்.

மார்ச் 9, சனி

ஹால் சுவரில் ஈரம் ஏறிப் பொரிந்துபோயிருந்தது. பூனை பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போயிருக்கிறாள். இதுதான் சமயம் என்று அவர் பெயிண்டரை வரச் சொல்லிவிட்டார். நான் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து இசைத்தட்டுகளை இறக்கினேன். இருமல் மருந்துப் பெட்டியில் ட்ரம்பெட், வயிற்றுவலிப் பெட்டியில் சாக்ஸபோன். அவர் ஓரமாக நின்று "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்புப் பிடிப்பாம்.

"யாரும்மா வீட்ல இவ்வளவு பாட்டு கேக்கறது?" என்றார் பெயிண்டர்.

"ஒருத்தங்க" என்றேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 11, திங்கள்

லீவு போட்டுவிட்டு அலமாரியை அடுக்கினேன். பழைய வரிசையில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே ஆளுடைய தட்டுகள் ஒன்று மேலே, ஒன்று மூலையில். எங்கள் கடையில் இப்படி அடுக்கினால் நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார். ஒவ்வொன்றையும் மெல்லிய துணியால் துடைத்து, ஏ முதல் இசட் வரை எழுத்து வரிசையில் வைத்தேன். முதுகுப்பக்கம் எல்லாம் ஒரே நேராக நிற்கிறது. "அழகா இருக்கு" என்றார் அவர். அவர் எதையும் அழகு என்று சொல்கிறவர் இல்லை.

நடுவில் எதுவும் எழுதாத பழுப்பு அட்டை ஒன்று கிடைத்தது. எனக்கு எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை. எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இந்த ஐந்து மாதத்தில் அவளுக்காக ஒன்றும் செய்ததில்லை. செய்ய விட்டதுமில்லை. இது ஒன்றையாவது செய்தோமே என்று சந்தோஷமாக இருக்கிறது. நாளைக்கு வந்து பார்ப்பாள்.

மார்ச் 12, செவ்வாய்

வந்தாள். தோளிலிருந்து பையை இறக்கவில்லை. அலமாரி முன்னால் அப்படியே நின்றாள்.

"யார் தொட்டது?"

"எழுத்து வரிசையில வெச்சா எடுக்கச் சுலபமா இருக்குமேன்னு..."

"எனக்கு எடுக்கத் தெரியும்." அதற்குப் பிறகு குரல் உடைந்துவிட்டது. "அம்மா ஒரு வரிசை வெச்சிருந்தாங்க. என்ன வரிசைன்னு கேட்டா, நீயே கண்டுபிடின்னு சொல்லிட்டாங்க. நான் இன்னும் கண்டுபிடிக்கவே இல்ல."

அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். படார் என்று அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஐயோ, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? யார் கேட்டா என் எழுத்து வரிசைய? துடைச்சு வேற வெச்சேன், பெரிய இவளாட்டம்.

மார்ச் 13, புதன்

மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 17, ஞாயிறு

கச்சேரி இல்லை. குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் துலக்கினேன், ஏற்கெனவே துலக்கினதையும் சேர்த்து.

மத்தியானம் அவர் வந்து சொன்னார். ஜூனில் புது வகுப்பு தொடங்கும்போது பூனை அவள் பெரியம்மா ஊருக்குப் போய் அங்கேயே படிக்கிறாளாம். பெரியம்மா, அதாவது அவள் அம்மாவுக்கு அக்கா, ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இவள்தான் மாட்டேன் என்று இருந்தாளாம். நேற்று இவளே போன் பண்ணிச் சரி என்று சொல்லிவிட்டாள்.

"நீ ஒண்ணும் வேணும்னு பண்ணல" என்றார்.

"வேணும்னு பண்ணியிருந்தா மன்னிப்பாவது கேட்கலாம்" என்றேன்.

"என்ன வரிசைன்னு உங்களுக்கும் தெரியாதா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "வாங்கின வரிசையா இருக்கும்." அதுவாக இருக்காது என்று அவருக்கே தெரியும். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. மகள் போனால் இவர் என்ன ஆவார்?

மார்ச் 23, சனி

அவள் அம்மா இசைத்தட்டு வாங்கிய கடையைத் தேடிப் போனேன். செருப்புக்கடைக்கு மேலே மாடியில், ஜன்னல் திறக்காத ஒரு நீள அறை. கடைக்காரர் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். ஒன்றைக் கையில் எடுத்ததும், "விரல் படாமம்மா! ஓரத்தைப் பிடிங்க, ஓரத்தை!" என்று அதட்டினார். கைக்குழந்தையை நான் தலைகீழாகத் தூக்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார் யாராவது பார்த்திருந்தால்.

யார் என்று சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார். அலமாரி வரிசையைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை. "வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்கத்தைத்தான் ரொம்ப நேரம் படிப்பாங்க. அது மட்டும் தெரியும்" என்றார்.

கிளம்பும்போது நீலக் குடைத் தட்டைப் பற்றிச் சொன்னேன். பேஸ் தனியாகப் பேசுமே, அந்த இடம். மனிதர் முகமே மாறிவிட்டது. அதே பேஸ்காரர் வாசித்த இன்னொன்றைத் தேடி எடுத்துப் போட்டார். உறையில் ஒரு கோழி பியானோ மேல் நிற்கிறது. நின்றபடியே ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன். பஸ்ஸை விட்டேன். வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இதை எங்கே வைப்பது? அந்த அலமாரியிலா? எந்த முகத்தோடு? பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கோழிக்குப் புடவை வாசனை பிடிக்கட்டும்.

மார்ச் 26, செவ்வாய்

அவருடைய போனில் பழைய படம் ஒன்று இருக்கிறது. பூனையின் ஏதோ ஒரு பிறந்தநாள். அவள் அம்மா அலமாரி முன்னால் நிற்கிறாள். தோளுக்குப் பக்கத்தில் ஏழெட்டுத் தட்டுகளின் முதுகு தெளிவாகத் தெரிகிறது. தோளுக்குப் பக்கத்தில் மட்டும் பார்க்க வேண்டும் என்றுதான் பெரிதாக்கினேன். முடியவில்லை. முகத்தைப் பார்த்தேன். நல்ல சிரிப்பு. பல் தெரிய, கண் காணாமல் போகிற சிரிப்பு. பூனைக்கு இந்தச் சிரிப்புதான் இருக்க வேண்டும். எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அந்த ஏழெட்டையும் எடுத்துப் படத்தில் உள்ளபடி தரையில் பரப்பினேன். நீலக் குடை, அடுத்தது படிக்கட்டு, அடுத்தது இரண்டு கதவு. எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் யார் யார் என்ன வாசித்தார்கள் என்று போட்டிருந்தது. பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆனால் பொடி எழுத்தில் ஒத்த பெயர்களைப் பிரித்துப் பார்ப்பதுதானே மருந்துக்கடையில் எனக்குச் சோறு போடுகிறது.

குடையில் டிரம்ஸ் வாசித்தவர் படிக்கட்டிலும் இருக்கிறார். படிக்கட்டில் பியானோ வாசித்தவர் இரண்டு கதவில் இருக்கிறார். இரண்டு கதவின் ட்ரம்பெட்காரர் அதற்கடுத்ததில். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒருவர் எழுந்து அடுத்த தட்டுக்குப் போயிருக்கிறார். கடைசி வரை அப்படியே. கை கோத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அதுதான் வரிசை. மறுபடி முதல் தட்டிலிருந்து விரல் வைத்துப் பார்த்தேன். எப்படிப்பட்ட பெண் அந்த அம்மா!

மார்ச் 27, புதன்

"போய்ச் சொல்லிடு" என்கிறார் அவர். "சந்தோஷப்படுவா."

சொல்லலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவள் அம்மா "நீயே கண்டுபிடி" என்று மகளிடம் விட்டுப் போனது இது. முந்திக்கொண்டு விடையைச் சொல்ல நான் யார்? ஏற்கெனவே ஒரு தடவை முந்திக்கொண்டது போதாதா?

தரையில் பரப்பியதை எடுத்து வைக்கவில்லை. அதே வரிசையில், பின்பக்கம் மேலே தெரியும்படி, சுவரோரமாகத் தள்ளி வைத்தேன். பக்கத்தில் அந்தப் படத்தை அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். "படத்துல இருந்த மாதிரி வெச்சேன். அதுக்கு மேல எனக்குத் தெரியல" என்று அவளிடம் சொன்னேன். பொய். எழுதும்போதே உறுத்துகிறது, ஆனாலும் பொய் பொய்யாகவே இருக்கட்டும்.

அவள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 29, வெள்ளி

தரையில் இருக்கும் தட்டுகளைத் தாண்டிக்கொண்டு போகிறாள். குனி, பெண்ணே. ஒரு தடவை குனி.

மார்ச் 31, ஞாயிறு

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் இரண்டு தட்டோடு வந்து நின்றாள். மூச்சு வாங்குகிறது.

"இங்க பாருங்க. இவர் இதுலயும் இருக்கார். இதுலயும் இருக்கார்."

"யாரு?"

"டிரம்ஸ்! அப்புறம் இந்தப் பியானோக்காரர் அடுத்ததுல இருக்கார். எல்லாமே அப்படித்தான். ஒருத்தர் மாத்தி ஒருத்தர். அம்மா... அம்மா அப்படித்தான் வெச்சிருக்காங்க!"

"அட" என்றேன். கண்ணில் நீர் வழிந்ததற்கு நல்லவேளை வெங்காயம் இருந்தது. அவளுக்கு வெங்காயம் இல்லை, அவளும் அழுதாள். பிறகு சிரித்தாள். படத்தில் பார்த்த அதே சிரிப்பு. கண் காணாமல் போய்விட்டது.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஹாலில் கால் வைக்க இடமில்லை. எல்லாவற்றையும் இறக்கி மறுபடி கோக்கிறோம். நான் பொடி எழுத்தைப் படிக்கிறேன். எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறாள். "சிவப்புக்கு அப்புறம் ஒரு மீசை. மீசைக்கு அப்புறம் பாலம்." பார்த்தால் மீசைக்காரரும் பாலத்தில் வாசித்திருக்கிறார். என் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார், நாய்க்கு வைப்பதுபோல. உள்ளே வர பயம்.

இன்னும் சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறாள். ஆனால் நிறையப் பேசுகிறாள்.

ஏப்ரல் 20, சனி

வரிசை முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. எவ்வளவு மாற்றினாலும் இரண்டையும் இணைக்க ஆள் இல்லை.

"நடுவுல ஒரு அட்டை இருந்துச்சே" என்றாள் திடீரென்று. "பழுப்பா, வெறும் அட்டை. எங்க போச்சு?"

எனக்குச் சுரீர் என்றது. சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கி அட்டையை எடுத்துவந்தேன். நடுவில் வட்டமாக எண்ணெய்க் கறை. திட்டப்போகிறாள் என்று நின்றேன். கறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆம், சுவரை இல்லை, என்னை. "ரெக்கார்டு மாதிரியே ரவுண்டா இருக்கு" என்றாள்.

இரண்டு பாதிக்கும் நடுவில் அட்டையைச் செருகினாள். கிடைக்காத ஒரு தட்டுக்கு அவள் அம்மா பிடித்து வைத்த இடம் அது. இந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் சேர்ந்து வாசித்த ஏதோ ஒன்று.

ஏப்ரல் 27, சனி

இரண்டு பேரும் கடைக்குப் போனோம். அட்டைக்கு இரு பக்கமும் நின்ற இரண்டு தட்டுகளின் உறைகளையும் கடைக்காரர் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். அந்த இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தது ஒரே ஒரு தட்டுதானாம். மிகக் குறைவாகப் போட்டார்களாம். அவரே கண்ணால் பார்த்ததில்லை. இப்போது அதை மறுபதிப்பு செய்கிறார்கள், வந்ததும் சொல்கிறேன் என்றார்.

பூனையின் முகம் விழுந்துவிட்டது. "மறுபதிப்பா? அம்மா தேடினது ஒரிஜினல்தானே?"

"உங்கம்மாவா?" கடைக்காரர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். "ஒரிஜினலுக்கு அலையறவங்க வேற ஜாதிம்மா. அவங்க உறையை வாங்கறவங்க. வாசிச்சது அதே ஆளுங்கதானே, குடுங்கன்னு வாங்கிட்டுப் போவாங்க உங்கம்மா."

மே 18, சனி

வந்துவிட்டது. புது உறை, புது வாசனை. அட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"முடிஞ்சிடுச்சு" என்றாள். "இனிமே நிம்மதியா ஊருக்குப் போகலாம்."

நான் "ம்" என்றேன்.

மே 19, ஞாயிறு

புதுத் தட்டு ஓடியது. நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

அவளைப் பிடித்து வைக்கவா இதெல்லாம் செய்தேன்? இல்லை. உடைத்தது நான், ஒட்ட வைத்ததும் நான், அவ்வளவுதான். கணக்கு நேர். அப்படியென்றால் காலண்டரில் நாளை ஏன் எண்ணிக்கொண்டிருக்கிறேன்? போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லிடலாமா. சொல்ல நான் யாரு. சுவர்.

மே 28, செவ்வாய்

அடுத்த புதனுக்கு அவளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார் அவர். எடுத்துவிட்டு வந்து, நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார்.

ஜூன் 1, சனி

பெரிய பை என் பீரோ மேலே இருக்கிறது. எடுக்க வந்தாள். அதன் உள்ளே அடியில் விரிக்கப் பழைய புடவை ஏதாவது இருக்குமா என்று கேட்டாள், எடுத்துக்கொள் என்றேன். வேலைக்குக் கிளம்பும் அவசரம். புடவைகளுக்கு அடியில் இருந்த கோழியை மறந்தே போனேன்.

"இது யாருது?"

"என்னுதுதான்."

"எப்ப வாங்கினீங்க?"

"மார்ச்ல."

"ஏன் இங்க வெச்சிருக்கீங்க?"

"வைக்க இடமில்லையேம்மா" என்றேன். சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தேன். சாதாரணமாக வரவில்லை.

உறையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கடையில் ஒரு பாட்டிலுக்கு இரண்டு தடவை லேபிள் ஒட்டினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் ஹால் முழுக்கத் தட்டுகள். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் தூசி.

"காலைலேர்ந்து தேடறேன். இருபக்கமும் ஒட்டற இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள். "பேஸ்காரர் குடையில இருக்கார். சாக்ஸபோன் படிக்கட்டுல. நடுவுல உங்க கோழி."

குடையும் படிக்கட்டும். படத்தில் அவள் அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கிற இரண்டு. அதைப் போய்ப் பிரிப்பதா?

"வேண்டாம்மா. கடைசியில ஓரமா வெச்சா போதும். அம்மா வெச்ச வரிசை மாறிடும்."

"கடைசியில எதுக்கு?" முகத்தைச் சுளித்தாள். "மாறினா என்ன? அம்மாவும் புதுசு வாங்கறப்பல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத்தானே வெச்சிருப்பாங்க. இல்லன்னா எப்படி நடுவுல சேரும்?"

குடையைத் தள்ளினாள். படிக்கட்டைத் தள்ளினாள். கோழி உள்ளே போனது. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் போனது.

அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "குடை ரெண்டாம் பக்கம் வந்தா நீங்க குழாயை மூடிடுவீங்க. எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அதையே போட்டுட்டு இருந்தேன்."

எப்போதிருந்து என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அலமாரியை நான் கலைப்பதற்கு முன்னாலிருந்து.

ஜூன் 3, திங்கள்

பை மறுபடி என் பீரோ மேலே இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போனில் பேசுவது மட்டும் காதில் விழுந்தது: "இல்ல பெரியம்மா, லீவுக்கு வரேன். ஆமா, லீவுக்கு." அவர் டிக்கெட்டை ரத்து செய்யப் போனவர் இனிப்போடு திரும்பி வந்தார். இடுப்புப் பிடிப்பைக் காணோம்.

ஜூன் 9, ஞாயிறு

இன்றும் என்னை எதுவும் கூப்பிடவில்லை. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் கோழி ஓடிக்கொண்டிருந்தது. "குழாயை மூடுங்க, வருது!" என்று அங்கிருந்து கத்தினாள்.

மூடினேன்.